கட்டை இல்லாத ரெண்டு வேஷம்

போன பதிவுல வேலியோரத்துக் கல்யாண முருங்கை பத்தி எழுதியிருந்தேன். மிளகுக்கொடி ஏத்தலாம், இலையை ஆடு தின்னும், அரிசியோட சேர்த்து அடை தட்டலாம்னு சொல்லியாச்சு. "மரம் எதுக்கு ஆகும்? அடுப்புல வெச்சாக்கூட ஒழுங்கா எரிய மாட்டேங்குதே"ன்னு சொந்தக்காரர் ஒருத்தர் போன்ல கேட்டார்.

ஆகும். எங்க செய்யாறு பக்கம் தெருக்கூத்துல ராஜா வேஷக்காரங்க தலையில வைக்கிற கிரீடம், தோள்ல கட்டுற புஜக்கட்டை, மார்ல மாட்டுற பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில செதுக்கினதுதான். ஈரம் வத்திப்போச்சுன்னா அந்தக் கட்டை நெட்டி மாதிரி ஆயிடும். பத்து மணிக்குத் தலையில ஏத்தினா விடியற வரைக்கும் அதைச் சுமந்துக்கிட்டு சுத்திச் சுத்தி ஆடணும். தேக்குல செஞ்சு வெச்சா கழுத்து நிக்காது. மேல வர்ணம் பூசி, கண்ணாடித் துண்டு ஒட்டி, ஜிகினா சுத்திட்டா பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல தங்கம் தோத்துடும். இந்தக் கட்டையை வெச்சுத்தான் இதுக்குக் கட்டைக்கூத்துன்னும் ஒரு பேரு.

இதுல கவனிக்க ஒரு விஷயம் இருக்கு. கட்டை கட்டுறது துரியோதனன், கர்ணன், அர்ச்சுனன், இரணியன் மாதிரி வீரமான ஆம்பளை வேஷத்துக்குத்தான். ரெண்டு பேருக்கு மட்டும் அது கிடையாது. ஒண்ணு பொம்பளை வேஷம். இன்னொண்ணு கட்டியங்காரன், அதாவது கோமாளி. பொம்பளை வேஷத்துக்குப் புடவை, ஜாக்கெட், சவுரிமுடி, சலங்கை. கட்டியங்காரனுக்குக் கூம்புத் தொப்பி, தொளதொளன்னு ஒரு சொக்காய், மூஞ்சியில ரெண்டு மூணு புள்ளி. ராஜா எல்லாம் மரத்துக்குள்ள நிக்கிறாங்க, இவங்க ரெண்டு பேரும் துணியில நிக்கிறாங்க. அதனாலயோ என்னவோ, கூத்துல நமக்கு ரொம்பக் கிட்டத்துல வந்து நிக்கிறதும் இந்த ரெண்டு பேர்தான். இந்தப் பதிவு அவங்களைப் பத்தினது.

ஆம்பளை புடவை கட்டிக்கிட்டு ஆடுறது, கூடவே ஜனங்களைச் சிரிக்க வைக்கிறது, இதெல்லாம் ஏதோ வெளிநாட்டுல இருந்து டிவி வழியா வந்த சமாச்சாரம்னு இப்போ சில பேர் நினைக்கிறாங்க. சிலப்பதிகாரம் கடலாடு காதையைப் புரட்டிப் பாருங்க. மாதவி பதினோரு வகை ஆடல் ஆடுறா. அதுல ஒண்ணு பேடி ஆடல். வாணன்னு ஒரு அசுரன். அவன் ஊர்ல காமனோட மகன் அநிருத்தன் சிறையில கிடக்குறான். மகனை மீட்க காமன் அந்த ஊருக்குப் போய், ஆம்பளை பாதி பொம்பளை பாதியா ஒரு கோலம் போட்டு ஆடினானாம். அதைத்தான் மாதவி ஆடிக் காட்டுறா. யோசிச்சுப் பாருங்க. மேடையில நிக்கிறது ஒரு பொம்பளை. அவ கட்டியிருக்கிறது ஆம்பளை வேஷம். அந்த ஆம்பளை கட்டியிருக்கிறது பொம்பளைக் கோலம். ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு!

அதே பட்டியல்ல கடைசியா வர்றது கடையம். இந்திராணி அதே வாணன் ஊர்ல, வடக்கு வாசல் பக்கத்து வயல்ல, ஒரு உழத்தி வேஷத்துல நின்னு ஆடினது. தேவலோகத்து ராணிக்கே நாத்து நடுற பொம்பளை வேஷம் கட்ட ஆசை வந்திருக்கு. படிக்கும்போது எனக்கு ஒரே சிரிப்பு. இடுப்பு வலி எப்படி இருக்கும்னு அந்த அம்மாவுக்கு ஒரு நாள் நடவுல தெரிஞ்சிருக்கும்.

மணிமேகலையில இன்னும் விசேஷம். மலர்வனம் புக்க காதையில மணிமேகலையும் சுதமதியும் பூப்பறிக்கத் தெருவுல நடந்து போறாங்க. புகார்த் தெருவுல அங்கங்க கூட்டம் கூடி வேடிக்கை பாக்குது. ஒரு பக்கம் எருக்கம்பூவும் அலரிப்பூவும் மாலையாப் போட்டுக்கிட்ட ஒரு பித்தன், அழுறான், சிரிக்கிறான், ஓடுறான். ஜனங்க அதையும் நின்னு பாக்குறாங்க. இன்னொரு பக்கம் பேடு ஆடுறதை ஒரு கூட்டம் பாக்குது. அந்த ஆடுற ஆளைப் பத்தின வர்ணனையில முதல்ல வர்றதே தாடிதான். சுருள் தாடி. அப்புறம்தான் பூ வெச்ச கூந்தல், சிவந்த வாய், காதுல வெள்ளைத் தோடு, அகலமான இடுப்பு எல்லாம். தாடியை மழிச்சுட்டு முழுப் பொம்பளையா ஏமாத்தணும்னு அந்த ஆட்டக்காரருக்கு எண்ணமே இல்லை. தாடியும் இருக்கட்டும், தோடும் இருக்கட்டும், பாருங்கன்னு நடுத்தெருவுல ஆடியிருக்கார். சாத்தனாரும் சட்டுனு தாண்டிப் போயிடல, நின்னு ரசிச்சு எழுதியிருக்கார்.

அந்தத் தாடியை நான் நேர்ல பார்த்திருக்கேன்னுகூடச் சொல்லலாம். எங்க கட்டியங்காரனுக்கு ராத்திரியில பத்து வேஷம். ராஜா வந்தா கட்டியம் கூறுவான். சண்டைன்னா தேரோட்டி. சேதி வந்தா தூதன். அந்தப்புரம் வந்துட்டா தோழி. தோழிக்குன்னு தனியா ஒப்பனை எதுவும் கிடையாது. தோள்ல கிடக்கிற துண்டை எடுத்துத் தலையில போட்டு ஒரு முனையை வாயில கவ்விக்குவான். அவ்வளவுதான், பொம்பளை. மீசை அப்படியே இருக்கும். "ஏண்டி உனக்கு மீசை இருக்கு?"ன்னு ராணி கேட்டா, "பக்கத்து வீட்டுக்காரிக்கு இருக்கிறதை ராஜா இன்னும் பாக்கலியா தாயே"ம்பான். முன் வரிசையில உக்காந்திருக்கிற பாட்டிங்க வெத்தலை எச்சிலைத் துப்ப மறந்து சிரிக்கும்.

அந்த ராணியும் ஆம்பளைதான். ஆனா அவர் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு வந்தவர் கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கே குளிச்சு, மழுங்கச் சவரம் பண்ணி, அரிதாரம் பூசி, கொசுவம் வெச்சுப் புடவை கட்டி, கண்ணாடியில ஒரு மணி நேரம் பார்த்துட்டு வந்தவர். நடை மாறியிருக்கும், குரல் மாறியிருக்கும், கையை இடுப்புல வைக்கிற விதம்கூட மாறியிருக்கும். ஒரே திரைக்கு முன்னாடி ரெண்டு விதமான பொம்பளை. ஒருத்தர் பொம்பளையாவே ஆயிட்டார். இன்னொருத்தன் 'நான் ஆகல, ஆகுற மாதிரி காட்டுறேன்'னு கண்ணடிக்கிறான். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதுதான் கூத்தோட சாமர்த்தியம். தஞ்சாவூர் மெலட்டூர் பாகவத மேளாவுலயும் முதல்ல வந்து குதிக்கிறவன் கோணங்கி. அங்கேயும் லீலாவதி வேஷம் கட்டுறது ஆம்பளைதான்.

எங்க ஊர்ல பொம்பளை வேஷம் கட்டுறவரை நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். ஒண்ணரை ஏக்கர் நிலம், நவரையில நெல்லு, மானாவாரியில மல்லாட்டை. பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் ராத்திரியில பாஞ்சாலி, பகல்ல மடை திருப்புறவர். துகில் கூத்து அன்னிக்கு விரதம் இருப்பார். துச்சாதனன் வேஷக்காரர் புடவையில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, "தாயே, நான் செய்யப்போறது வேஷம், பொறுத்துக்கணும்"னு கும்பிட்டுட்டுத்தான் தொடுவார். ஊரே எழுந்து நிக்கும். சின்னப் பசங்களைத் தூக்கிட்டு வந்து மாமா கால்ல போடுவாங்க. அந்த நேரத்துல அவரைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் வாய் வராது. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அதே புடவையில கட்டியங்காரனோட மல்லுக்கு நின்னு எல்லாரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வெச்சதும் அவர்தான்.

ஆனா விடிஞ்சு பத்து மணிக்கு டீக்கடையில அவர் உக்காந்தா "என்ன பாஞ்சாலி, தூக்கம் போச்சா?"ன்னு ஒரு குரல் வரும். இதோட நிக்காது, இதைவிடக் கேவலமாவும் வரும், அதை இங்க எழுத வேணாம். ராத்திரி கும்பிட்ட கையும் காலையில கிண்டல் பண்ற வாயும் ஒரே ஆளோடதுதான். மாமா டீயைக் குடிச்சு முடிச்சுட்டு, "காசை நீயே குடுத்துடு துச்சாதனா"ன்னு சொல்லிட்டு எழுந்து வந்துடுவார்.

சிரிப்பு யார் பக்கம் நிக்குதுங்கிறதுதான் கேள்வி. இதுக்குப் பாரதத்துலயே ஒரு கதை இருக்கு. எங்களை மாதிரி வெவசாயிக்கு அதைவிட நெருக்கமான கதை பாரதத்துல வேற கிடையாது.

விராட பர்வம். மழை இல்லாம பயிர் காஞ்சா விராட பர்வம் படிக்கணும், அந்தக் கூத்தை விடணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. அதுல வர்ற மாடுபிடி சண்டைக் கூத்து முடியறதுக்குள்ள தூத்தல் விழும்னு இன்னிக்கும் நம்புற ஊருங்க உண்டு. ஏன் இந்தப் பர்வத்துக்கு மட்டும் மழை வரணும்? மத்த பர்வத்துல எல்லாம் ராஜாவுங்க ராஜாவாவே இருக்காங்க. இதுல மட்டும் எல்லாரும் வேஷம் கட்டிக்கிட்டு வேலைக்காரங்களா இருக்காங்க. சகாதேவன் மாட்டுக்காரன், நகுலன் குதிரைக்காரன், பீமன் சமையக்காரன், பாஞ்சாலி ராணிக்குச் சடை பின்னுறவ. நம்ம கஷ்டம் தெரிஞ்ச சாமிங்க, அதான் மழை வருதுன்னு எங்க தாத்தா சொல்லுவார். அவரோட ஞாயம் அது.

அர்ச்சுனன் என்னவா இருக்கான்? பேடியா இருக்கான். பிருகன்னளைன்னு பேர் வெச்சுக்கிட்டு, நீளமாச் சடை விட்டு, சங்கு வளையல் போட்டு, அரண்மனைப் பொண்ணு உத்தரைக்கு ஆட்டம் சொல்லிக் குடுக்குறான். வில்லுப் பிடிச்சுக் காய்ச்சுப் போன கையில வளையல்.

அதுக்கு முன்னாடி கீசகன் கதை வருது. ராணியோட தம்பி, பாஞ்சாலி மேல கண்ணு வைக்கிறவன். எங்க கூத்துல பீமன் புடவை கட்டிக்கிட்டு இருட்டுல போய் உக்காந்திருப்பான். கட்டைக் கிரீடத்தைக் கழட்டி வெச்சுட்டு, மீசை மேல முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு, பெரிய உடம்பைச் சுருக்கிக்கிட்டு அவன் வெக்கப்படுறதைப் பார்க்கணும். கீசகன் கிட்ட வந்து கையைத் தடவுவான். "என்ன கண்ணே, கையெல்லாம் இப்படி இருக்கு?" பொம்பளைக் குரல்ல பீமன் சொல்லுவான்: "உலக்கை பிடிச்ச கை சாமி." சிரிச்சு முடியறதுக்குள்ள அடி விழும். ஜனங்க சிரிக்கிறது புடவை கட்டின பீமனைப் பார்த்துன்னு தோணும். நல்லாக் கவனிச்சா, இருட்டுல புடவையைப் பார்த்தாலே கையை நீட்டுறவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். எங்க ஊர்ப் பொம்பளைங்க இந்த இடத்துல சிரிக்கிற மாதிரி வேற எங்கேயும் சிரிச்சு நான் பார்க்கல.

அப்புறம்தான் மாடுபிடி சண்டை. கௌரவர்கள் வந்து விராட ராஜாவோட மாட்டை ஓட்டிக்கிட்டுப் போறாங்க. ஊர்ல ஆம்பளைன்னு மிச்சம் இருக்கிறது இளவரசன் உத்தரன் ஒருத்தன்தான். பொம்பளைங்க நடுவுல நின்னுக்கிட்டு, "தேரோட்ட மட்டும் ஒரு ஆள் இருந்தா பீஷ்மனையும் துரோணனையும் கட்டி இழுத்தாருவேன்"னு பீத்துறான். சரி, நான் ஓட்டுறேன்னு பிருகன்னளை வருது. போர்க்களத்துல அந்தச் சேனையைப் பார்த்ததும் உத்தரனுக்குக் கை கால் உதறுது. தேர்ல இருந்து குதிச்சு ஓடுறான். அவனைப் பிடிக்க பிருகன்னளை பின்னாடியே ஓடுது. சடை ஒரு பக்கம் பறக்குது, புடவை ஒரு பக்கம் பறக்குது. அதைப் பார்த்து எதிர்ச் சேனையில சில பேர் சிரிச்சாங்கன்னு பழைய பாரதமே சொல்லுது.

கூத்துல இந்த ஓட்டம் அரை மணி நேரம் நடக்கும். உத்தரன் ஜனங்களுக்குள்ள புகுந்து, பாட்டி மடியில போய் ஒளிஞ்சுக்குவான். பிருகன்னளை புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு கொடுக்காப்புளி மரத்தைச் சுத்தி வரும். கட்டியங்காரன் ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு, "இதுல யாருப்பா ஆம்பளை? எனக்குக் கணக்கு இடிக்குது"ம்பான். கடைசியில உத்தரனைக் கழுத்தைப் பிடிச்சு இழுத்து வந்து, வன்னி மரத்துல கட்டி வெச்ச ஆயுதத்தை எடுக்கச் சொல்லி, அதே வளையல் கையால காண்டீபத்தை எடுத்து மாட்டை மீட்குது பிருகன்னளை. புடவை கட்டினது கோமாளின்னு நினைச்சோம். கோமாளி மீசைக்காரன்தான்னு காட்டிட்டு, அந்த மீசைக்காரனையும் கேவலப்படுத்தாம தேரோட்டியா கூடவே வெச்சுக்குது கதை.

நாடகக் கம்பெனி காலத்துக் கதையும் கொஞ்சம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா ஆரம்பிச்சார். அந்த மாதிரி பாய்ஸ் கம்பெனிகள்ல சின்னப் பசங்களுக்கு ஸ்திரீபார்ட் கட்டிப் பழக்குவாங்க. சிவாஜி கணேசன்கூடச் சின்ன வயசுல சீதை வேஷம் கட்டினவர்தான். டி.கே. சண்முகம் ஔவையார் வேஷம் கட்டி, அந்தப் பேரே அவருக்கு ஒட்டிக்கிட்டது, ஔவை சண்முகம்னு. எதிர்ப்பக்கம், கே.பி. சுந்தராம்பாள் ஆம்பளை வேஷம் கட்டிப் பேர் வாங்கினவங்க. 1935-ல வந்த 'பக்த நந்தனார்' படத்துல நந்தனாரா நடிச்சது அவங்கதான். அதுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். அன்னிக்கு அது ஒரு ஊரையே விலைக்கு வாங்குற பணம். தென்மாவட்டத்து ஸ்பெஷல் நாடகத்துல ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன்னு மூணு பேரும் இன்னிக்கும் இருக்காங்க.

சினிமா மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1996-ல ஔவை சண்முகம் பேரை வெச்சே ஒரு படம் வந்துச்சு, அதுல அந்த மாமியை மரியாதையாத்தான் காட்டினாங்க. அது மாதிரி ரொம்பக் கொஞ்சம். மத்தபடி காமெடின்னு வந்தா, புடவை கட்டின ஆம்பளையோ, திருநங்கையோ திரையில வந்து நின்னாலே போதும், சிரிக்கச் சொல்லி ஒரு மியூசிக் போட்டுடுவாங்க. கீசகன் இல்லாமலே கீசக வதம் நடக்குது. அடி வாங்குறது புடவை. கூத்துல கட்டியங்காரன் ஒரு நாளும் அப்படிச் சிரிக்க வைக்க மாட்டான். அவன் கண்ணு ராஜா மேல இருக்கும், மணியக்காரர் மேல இருக்கும், போன தடவை ஓட்டு வாங்கிட்டுப் போனவர் மேல இருக்கும். அதுக்கு மேல மிச்சம் இருந்தா தன் மேலயே இருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது இது. மாமா கிட்ட ஒரு பையன் பொம்பளை வேஷம் கத்துக்க வந்தான். பத்தொன்பது வயசு. நல்ல குரல், தாளம் சுத்தமா நிக்கும். முதல் வருஷமே பொன்னுருவி கட்டினான். கர்ணனோட பொண்டாட்டி. பிணத்து மேல விழுந்து அவன் அழுத அழுகையில மத்தளக்காரர் வாசிக்கிறதை விட்டுட்டார். யாரோ அதைப் போன்ல எடுத்து, அழுகையை வெட்டிட்டு, அவன் நடந்து வர்றதை மட்டும் வெச்சு, ஒரு சினிமாக் காமெடிப் பாட்டைப் பின்னாடி போட்டு வாட்ஸப்ல விட்டுட்டாங்க. மூணு நாள்ல பத்து ஊரு சுத்திடுச்சு. பையன் வீட்டை விட்டு வெளிய வரல. அவங்கப்பா மாமா வீட்டு வாசல்ல வந்து நின்னு பேசின பேச்சை நானும் கேட்டேன். மாமா வாயே திறக்கல.

அடுத்த கூத்து பக்கத்து ஊர்ல. விராட பர்வம். கீசகன் வர்ற நேரம் கட்டியங்காரன் உள்ளங்கையைப் போன் மாதிரி முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு வந்தான். "அண்ணே, கொஞ்சம் திரும்புங்க. புடவை தெரியல. இடுப்பு தெரியல. அழுறதெல்லாம் வேணாம்ண்ணே, அதை நான் வெட்டிக்கிறேன்." கீசகனைச் சுத்திச் சுத்திப் படம் எடுத்தான். அப்புறம் ஜனங்க பக்கம் திரும்பி, நிஜமாவே போன் பிடிச்சுக்கிட்டு இருந்தவங்களை ஒவ்வொருத்தரா எடுத்தான். "அட, இவரும் கீசகனுக்கு மச்சினனா? வாங்க வாங்க, சமையக்காரர் உள்ள காத்துக்கிட்டு இருக்காரு." ஒரு போன் இறங்குச்சு. ரெண்டு இறங்குச்சு. அன்னிக்குப் பொம்பளைங்க பக்கத்துல இருந்து வந்த சிரிப்பைக் கேட்டவங்களுக்குத் தெரியும், அது சும்மா வந்த சிரிப்பு இல்லைன்னு. மாமா திரைக்குப் பின்னாடி புடவையில உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டு இருந்தார். "நீங்க சொல்லிக் குடுத்ததா மாமா?"ன்னு கேட்டேன். "அவனுக்கு எவன் மாப்ள சொல்லிக் குடுக்க முடியும்?"ன்னு மட்டும் சொன்னார்.

அந்தப் பையன் 'அப்படித்தானோ'ன்னு ஊர்ல ஒரு கேள்வி அப்போ இருந்து இப்போ வரைக்கும் சுத்திக்கிட்டு இருக்கு. மாமாகிட்டயும் நேராவே கேட்டாங்க. "கேக்குறவன் முதல்ல அவன் கழனியில களை எடுத்துட்டானான்னு கேட்டுச் சொல்லு"ன்னார். வேஷம் கட்டுறவங்கள்ல சில பேருக்கு அது விடிஞ்சா கழட்டி வைக்கிற புடவை. சில பேருக்கு அந்தப் புடவையில இருக்கிற நேரம்தான் நிஜம், பகல்ல கட்டுற லுங்கிதான் வேஷம். ரெண்டு விதமான ஆளுங்களுக்கும் கூத்து இடம் குடுத்திருக்கு, நீ எந்த வகைன்னு கேக்காமலே. எனக்குத் தெரிஞ்சு நம்ம பக்கத்துல வேற எந்த இடமும் இவ்வளவு காலமா அப்படி இருந்தது கிடையாது.

உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்துல சித்திரையில கூத்தாண்டவர் திருவிழா நடக்குது இல்லையா, அதுவும் பாரதக் கதைதான். களப்பலியாகப் போற அரவானுக்கு ஒரு ராத்திரி பொண்டாட்டியா இருக்க கிருஷ்ணன் மோகினியா வந்தார். அதனால திருநங்கைகள் வந்து தாலி கட்டிக்கிறாங்க, மறுநாள் தாலி அறுத்து வெள்ளைப் புடவை கட்டுறாங்க. டிவியில காட்டுறது அதை மட்டும்தான். வேண்டுதல் வெச்ச சுத்துப்பட்டு ஆம்பளைங்களும், சின்னப் பசங்களும் அங்க தாலி கட்டிக்கிறாங்கங்கிறதைக் காட்ட மாட்டாங்க. சட்டை போட்டு, மீசை வெச்சு, பிள்ளை குட்டி இருக்கிற வெவசாயி கழுத்துல மஞ்சள் கயிறு. தமிழ்நாட்டுல திருநங்கைகளுக்குன்னு நலவாரியம் வந்தது 2008-ல.

தெக்க திருச்செந்தூர் பக்கம் குலசேகரபட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுல இதுக்கு இன்னொரு முகம். கடல் வேலை பாக்குறவங்க, வாழை போடுறவங்க, கடை வெச்சிருக்கிறவங்கன்னு விரதம் இருந்து மாலை போட்டு வேஷம் கட்டுறாங்க. காளி வேஷத்துக்குக் கடுமையான விரதம். மத்தபடி குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ், பிச்சைக்காரன், புதுப்பொண்ணு, எது வேணும்னாலும். லிப்ஸ்டிக் போட்டு, பூ வெச்சு, தாவணி கட்டின ஆம்பளை ஊர் ஊராப் போய்த் தர்மம் கேக்குறார். வாங்கின காசு அம்மனுக்கு. கடை வாசல்ல நின்னு அவர் இடுப்பை ஒடிச்சு ஆடினா எல்லாரும் சிரிக்கிறாங்க, அவரும் சிரிக்கிறார். யாரும் கையை நீட்டுறது இல்லை, ஏன்னா அது நேர்த்திக்கடன். என் சம்சாரத்தோட ஊர் அந்தப் பக்கம். எங்க சகலை ஒருத்தர் வருஷா வருஷம் குறத்தி கட்டுவார். வேண்டுதல் என்னன்னு கேட்டேன். "முதல் வருஷம் வேண்டுதல் அண்ணே. அடுத்த வருஷத்துல இருந்து ஆசை"ன்னார்.

இப்போ கட்டை மாறிக்கிட்டு வருது. காஞ்சிபுரத்துல 1990-ல கட்டைக்கூத்துச் சங்கம் ஆரம்பிச்சாங்க. 2002-ல புஞ்சையரசந்தாங்கல்ல ஒரு குருகுலம் வெச்சு, பள்ளிக்கூடப் படிப்போட சேர்த்துப் பசங்களுக்குக் கூத்து சொல்லிக் குடுத்தாங்க. அதுல பொண்ணுங்களும் உண்டு. 2020 வாக்குல மூடிட்டாங்க, ஆனா அங்க படிச்ச பொண்ணுங்க கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கிட்டு ஆம்பளை வேஷமே ஆடியிருக்காங்க. பொம்பளைங்க பொம்பளை வேஷத்தை எடுத்துக்கிட்டா ஆம்பளை ஆட்டக்காரங்க கதி என்னன்னு மாமாகிட்ட கேட்டேன். "துரியோதனனை அதுங்க கட்டட்டும் மாப்ள, கட்டை சுமந்து பாக்கட்டும். பாஞ்சாலியை மட்டும் எனக்கு விட்டுட்டாப் போதும்"னார். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னார், ஆனா முழுசா விளையாட்டும் இல்லை. நாப்பது வருஷமா அந்த வேஷத்துக்குள்ள குடியிருக்கிறவர்.

அந்தப் பையன் இப்போ ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை பாக்குறான். ரெண்டு வருஷம் கூத்துப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. போன ஆடியில லீவு போட்டுட்டு வந்தான், மாமாவுக்குக் கொசுவம் பிடிச்சு விட்டுட்டு விடியற வரைக்கும் திரைக்குப் பின்னாடியே உக்காந்திருந்தான். இந்தப் பங்குனிக்குத் தாம்பூலம் மாத்தியாச்சு. ஏரியில தண்ணி இல்லை, அதனால ஊர்க்கூட்டத்துல மாடுபிடி சண்டைதான்னு முடிவு. பிருகன்னளை அவன் கட்டுறான். உத்தரன் வேஷத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கல. மீசை வெச்சுக்கிட்டு ஊர் முன்னாடி பயந்து ஓடணும்னா யாரும் முன்வர மாட்டேங்குறாங்க.